மருமகனே, எந்தக் கரையில் வாடி போடப்போகிறாய்?

மருமகனே, அந்த எண்டர் பொத்தானில் இருந்து விரலைக் கொஞ்சம் எடு. எடுத்துவிட்டு மாமா சொல்வதைக் கேள். லப்டொப் எங்கேயும் ஓடிப்போகாது. “மெயின் கிளை முன்னால் போய்விட்டது மாமா, என் வேலை பின்னால் கிடக்கிறது, ஒரே ஒரு வரி, ரீபேஸ் போட்டால் சரி” என்கிறாய். ஒரே ஒரு வரி என்று நீ சொல்வதால்தான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. இந்த ஊரில் நடந்த பெரிய சண்டைகளில் ஒன்றாவது இரண்டாவது வரிவரைக்கும் போயிருக்கிறதா, சொல் பார்ப்போம்.

உதட்டைச் சுழிக்காதே. “வலை இழுத்த கிழவனுக்குக் கிட் பற்றி என்ன தெரியும்” என்று கேட்க வாய் வருகிறது, மரியாதைக்காக விழுங்கிக்கொள்கிறாய். நல்ல பிள்ளை. எனக்கு ஒன்றும் தெரியாதுதான். 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு என்று அறிவித்தார்களே, அந்தக் காலத்தில் உன் லப்டொப் கண்ணை மூடிப் படுத்திருந்தது. என் தேங்காய் எண்ணெய் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஸ்கொட் சக்கோனும் பென் ஸ்ட்ரோபும் எழுதிய ‘புரோ கிட்’ புத்தகத்தை நீ கொழும்பில் அச்சடித்துக் கொண்டுவந்து, தொடாமல் மேசையில் அடுக்கி வைத்திருந்தாய். கருவாடு சுற்றத் தாள் தேடிப்போன நான், சுற்றுமுன் வாசித்துத் தொலைத்துவிட்டேன். நல்ல கெட்டித் தாள். நெத்தலிக்கு அருமையாக இருந்தது.

நீ செய்யப்போகிற காரியத்தை இந்தக் கரையில் பரம்பரையாகச் செய்து வருகிறார்கள். ரீபேஸ் என்று பெயர் வைக்கத்தான் ஆள் இல்லை. சோளகம் எழும்பினால் மேற்குக் கடல் சீறும். சிலாபம், நீர்கொழும்புப் பக்கத்து ஆட்கள் வலையையும் சட்டிபானையையும் ஏற்றிக்கொண்டு கிழக்கே கொக்கிளாய், முல்லைத்தீவு, திருகோணமலைப் பக்கம் போய் வாடி போடுவார்கள். காற்று மாறினால் திரும்பி வந்து இங்கே போடுவார்கள். கற்பிட்டிக்கு வடக்கே பத்தலங்குண்டுத் தீவைப் பார், வந்து போட்ட வாடிகள் ஊரளவுக்குப் பெருகிவிட்டன. வாடியை அப்படியே தலையில் தூக்கிக்கொண்டு யாரும் போவதில்லை. புதுக் கரையில் முதலில் கப்பு நடவேண்டும், பிறகு வளை, பிறகு கிடுகு. முன்பு எந்த ஒழுங்கில் எழுப்பினாயோ அதே ஒழுங்கு. கிடுகை முதலில் போட்டுவிட்டுக் கப்பைத் தேடுகிறவனை அவன் பெண்சாதியே மதிக்கமாட்டாள்.

கிட்டும் இதைத்தான் செய்கிறது. உன் கிளையில் நீ பதிந்து வைத்த மாற்றங்களை, அதுதான் அந்தக் கொமிட்டுகளை எடுத்து, நீ காட்டுகிற இடத்தின் மேல் ஒவ்வொன்றாக, பழைய ஒழுங்கிலேயே மறுபடி எழுப்புகிறது. ஒரு வித்தை மட்டும் அதற்கு நம்மைவிடக் கூடத் தெரியும்: பழைய வாடியை அது கழற்றுவதே இல்லை. புதுக் கரையில் அச்சொட்டாக இன்னொன்றை எழுப்பி, பெயர்ப்பலகையை மட்டும் கொண்டுபோய் அதில் மாட்டிவிடும். பழையது பெயர் இல்லாமல் அங்கேயே நிற்கும். இதை மறக்காதே. பிற்பாடு உன் மானத்தைக் காப்பாற்றப்போவது இதுதான்.

“ஒரே வேலைதானே மாமா, இடம்தானே மாறியது” என்று நினைக்கிறாய். ஒரு கொமிட்டின் நாற்பது எழுத்துப் பெயர் எதில் இருந்து பிறக்கிறது? உள்ளே இருக்கிற கோப்புகள், எழுதியவன், நேரம், நீ அவசரத்தில் எழுதிய அந்த அரைகுறைக் குறிப்பு, எல்லாவற்றோடும் சேர்த்து முந்திய கொமிட்டின் பெயரும் அதற்குள் கலந்திருக்கிறது. தகப்பன் மாறினால் பிள்ளையின் பெயர் மாறும். பிள்ளையின் பெயர் மாறினால் பேரனுடையதும் மாறும். அடியில் ஒன்றை மாற்றிவிட்டு மேலே ஒன்றும் மாறவில்லை என்று கிட்டிடம் சாதிக்க முடியாது. எங்கள் சங்கத் தேர்தலில் முடியும்.

சரி, உன் விஷயத்துக்கு வருவோம். மீன் வாங்குகிறவர்களுக்கு விலை பார்த்துச் சொல்கிற செயலி ஒன்று செய்கிறீர்கள். மெயினில் இருந்து ‘விலை’ என்று ஒரு கிளை பிரித்தாய். அதில் மூன்று கொமிட். அது முடியுமுன்னே, பொறுமை இல்லாத பரம்பரை அல்லவா, அதன் நுனியில் இருந்தே ‘எடை’ என்று இன்னொரு கிளை பிரித்தாய். அதில் இரண்டு கொமிட். இப்போது உங்கள் சம்மாட்டி, அதுதான் அந்த மனேஜர், “விலையை அடுத்த மாதம் பார்ப்போம்; எடையை மட்டும் இன்றைக்கே மெயினில் சேர்” என்கிறார். நீ எடையில் நின்றுகொண்டு மெயின் மேல் சும்மா ஒரு ரீபேஸ் போடப் பார்த்தாய். போட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? மெயினில் இல்லாத கொமிட் எத்தனை என்று கிட் எண்ணும். ஐந்து. ஐந்தையும் ஏற்றிக்கொண்டு போய் இறக்கும். சம்மாட்டி கேட்டது இரண்டு. கூடக் கொடுத்ததற்குப் பாராட்டுக் கிடைக்கும் என்று பார்த்துக்கொண்டிரு.

அதற்குத்தான் ஒன்டூ என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். எழுது:

கிட் ரீபேஸ் --ஒன்டூ மெயின் விலை எடை

மூன்று பெயர், மூன்று கேள்வி. எந்தக் கரையில் இறங்குவது? மெயின். எதுவரைக்கும் இங்கேயே விட்டுவிடுவது? விலை. எந்த வாடியைப் பெயர்ப்பது? எடை. விலைக்கு அப்பால் நிற்கிற இரண்டு கொமிட் மட்டும் மெயின் மேல் ஏறும். விலைக் கிளை இருந்த இடத்தில் சலனமில்லாமல் இருக்கும், உன் பெரியப்பா சாய்மனைக் கதிரையில் இருப்பதுபோல.

நடுவில் இருக்கிற அந்தப் பெயரில்தான் கெட்டிக்காரர்கள் வழுக்குவார்கள். ‘எதுவரைக்கும் விடுவது’ என்று ஒரு கொமிட்டைக் காட்டினால், அந்தக் கொமிட்டும் விடுபடும். “இதில் இருந்து தொடங்கு” என்று நினைத்துக்கொண்டு முதல் கொமிட்டின் எண்ணையே அங்கே எழுதுகிறவன், முதல் கப்பை விட்டுவிட்டு வாடியைக் கொண்டுபோகிறான். அந்தக் கொமிட் வேண்டுமென்றால் அதன் எண்ணுக்குப் பின்னால் ஒரு ^ போடு. அதன் தகப்பனைக் காட்டியதாகிவிடும். இத்தனை சின்னக் குறி. இதை விட்டதால் இராத்திரித் தூக்கம் போனவர்களை வரிசையில் நிறுத்தினால் பாலாவி உப்பளம் போதாது.

இனித்தான் முக்கியமான இடம். கரை என்ற இடத்தில் மெயின் என்று எழுதினாய். மெயினின் நுனியில்தான் ஏறவேண்டும் என்று யார் சட்டம் போட்டது? போன கிழமை வெளியிட்ட பதிப்பின் டேக்கைக் கொடுக்கலாம். ஏழு எழுத்தாகச் சுருக்கிய ஒரு கொமிட் எண்ணைக் கொடுக்கலாம். எந்தக் கொமிட்டும் உனக்குக் கரைதான். ஆனால் எந்தக் கரையும் நல்ல கரை என்று அர்த்தம் இல்லை.

கிட்டைப் பெற்ற தகப்பன் லினஸ் டோர்வால்ட்ஸ். சுனாமி வந்துபோய் நாலு மாதம்கூட ஆகாத 2005 ஏப்ரலில், லினக்ஸ் வேலைக்குப் பயன்படுத்திய கருவி கைவிட்டுப் போனதால், தானே எழுத உட்கார்ந்தார். அவர் வீட்டிலேயே நடந்த கதை ஒன்று சொல்கிறேன். 2021 பெப்ரவரி கடைசியில் லினக்ஸ் 5.12 இன் முதல் பரீட்சைப் பதிப்பு வந்தது. ஆர்சி1 என்பார்கள். புது வேலை தொடங்குகிறவர்கள் ஆர்சி1 வந்ததும் அதன் மேல்தான் கிளை போடுவது வழக்கம். அந்தப் பதிப்பில் ஒரு வினை ஒளிந்திருந்தது. நினைவகம் நிரம்பினால் மிச்சத்தை வட்டில் ஒரு கோப்பில் எழுதி வைப்பார்கள் அல்லவா, ஸ்வொப் கோப்பு என்று? அந்தக் கோப்புக்குப் போகவேண்டியதை ஆர்சி1 இடம் தவறி எழுதியது. எழுதிய இடத்தில் வேறு யாருடைய கோப்பு இருந்தாலும் அதன் தலையில் எழுதியது. ஸ்வொப் கோப்பு வைத்திருந்தவனின் வட்டே சிதறிப்போகக்கூடிய பிழை.

திருத்தம் உடனே வந்துவிட்டது. நீயாக இருந்தால் “திருத்தியாச்சே மாமா” என்று தேநீர் குடிக்கப் போயிருப்பாய். டோர்வால்ட்ஸ் போகவில்லை. அந்த டேக்கின் பெயருக்குப் பின்னால் ‘டோன்ட்யூஸ்’, பாவிக்காதே, என்று ஒட்டிவிட்டு, மார்ச் முதல் வாரத்தில் எல்லாருக்கும் எழுதினார்: இதன் மேல் கிளை போடாதீர்கள். ஏன் இத்தனை கலவரம்? பழைய பிழை ஒன்றைப் பிடிக்க யாராவது வருங்காலத்தில் பைசெக்ட் ஓட்டுவான். வரலாற்றைப் பாதி பாதியாக வெட்டி, நடுவில் கிடைக்கிற கொமிட்டை உயிர்ப்பித்துப் பார்ப்பான். அந்தக் கொமிட் ஆர்சி1 இன் மேல் போட்ட கிளையில் இருந்தால், திருத்தம் அதற்குள் இருக்காது. அவன் வட்டு போகும். திருத்தம் மெயினில் பத்திரமாக இருக்கும். இவன் கோப்புகள் பரலோகத்தில் இருக்கும். தேவையில்லாத ரீபேஸைக் கண்டால் முகம் சுளிக்கிற மனிதர் அவர். அவரே, ஏற்கெனவே அதன் மேல் கிளை போட்டவர்கள் ரீபேஸ் செய்து வேறு இடத்துக்கு மாறுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

ஆகவே மருமகனே, கரை பார்க்கும்போது இன்றைய காற்றை மட்டும் பார்க்காதே. மெயினின் நுனியில் என்ன கிடக்கிறது? இன்று காலை யாரோ தூக்கக் கலக்கத்தில் தள்ளிவிட்ட, பரீட்சை முடியாத கொமிட்டா? அப்படியென்றால் அதற்குக் கீழே, சோதனை தேறிய, டேக் போட்ட, ஊர் அறிந்த கொமிட்டைத் தேர்ந்தெடு. அதைத்தான் லினக்ஸ்காரர்களும் தங்கள் ஆட்களுக்கு எழுதி வைத்திருக்கிறார்கள்: கண்ட கண்ட கொமிட்டில் அடி போடாதே, பதிப்பாக வெளிவந்த இடத்தில் போடு.

கரை தேர்ந்தாய், ரீபேஸ் ஓடுகிறது. முதல் கொமிட் ஏறியது. இரண்டாவதில் நின்றுவிட்டது: மோதல். நீ கப்பு நடவேண்டிய இடத்தில் அங்கே ஏற்கெனவே ஒருவன் கப்பு நட்டிருக்கிறான். இப்போது ‘அவர்ஸ்’, ‘தெயர்ஸ்’ என்று இரண்டு பக்கம் காட்டும். அவர்ஸ் என்றால் எங்களுடையது. ‘எங்களுடையது என்றால் என்னுடையதுதானே’ என்று பாய்ந்து அதைத் தெரிவாய். உன் வேலையை நீயே அழித்துவிட்டு, கிட் களவெடுத்துவிட்டது என்று கத்துவாய். ரீபேஸில் நீ வந்தேறி, மருமகனே. கரைக்காரன்தான் ‘எங்களுடையது’. உன் சாமான்கள் ‘அவர்களுடையது’. கொக்கிளாய்க்குப் போய் வந்தவர்களிடம் கேள். இதைச் சொல்லித்தர அவர்களுக்குப் புத்தகம் தேவைப்படவில்லை.

மோதலைத் தீர்த்து, ஆட் செய்து, கொன்டினியூ சொல். வழி தெரியவில்லை என்றால் அபோர்ட் சொல். புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து விட்டுவிடும், அதில் ஒரு வெட்கமும் இல்லை. ஸ்கிப் என்று ஒன்று இருக்கிறது, பல்லைக் காட்டிக்கொண்டு. அது மோதலைத் தீர்ப்பதில்லை. அந்தக் கொமிட்டையே விட்டுவிட்டுப் போய்விடும். ஒரே மோதல் திரும்பத் திரும்ப வந்தால் ரெரெரெ என்று ஒன்றை இயக்கி வை. பெயரைக் கேட்டால் உடப்பில் கரைவலை இழுக்கிறவர்களின் அம்பாப் பாட்டில் ஓர் அடி என்றுதான் நினைப்பாய். முன்பு நீ எப்படித் தீர்த்தாய் என்பதை நினைவில் வைத்து, அடுத்த தரம் அதே மோதல் வந்தால் தானே தீர்த்து வைக்கும். உன் அத்தைக்கும் இந்த வசதி உண்டு. ஆனால் அவள் நினைவில் வைப்பது தீர்ப்பை அல்ல, சண்டையை.

சத்தம் போடுகிற மோதலாவது பரவாயில்லை. சத்தம் போடாதது ஒன்று உண்டு. நீ ‘எடை’ கிளை பிரித்த காலத்தில் மெயினில் எடை கிலோவில் இருந்தது. அதற்குப் பிறகு வேறொருவன் வேறொரு கோப்பில் அதைக் கிராமாக மாற்றிவிட்டான். உன் கொமிட் தொடுவது இன்னொரு கோப்பு. வரிகள் முட்டவில்லை, கிட் ஒரு வார்த்தை பேசாமல் ஏற்றிவிடும். ரீபேஸ் வெற்றி என்று ஒரு வரிகூட வரும். மறுநாள் காலை புத்தளம் களப்பில் பிடித்த இரண்டு கிலோ நீல நண்டுக்கு உன் செயலி இரண்டாயிரம் கிலோவுக்கான காசைக் காட்டும். விற்கிறவன் உன் படத்தைச் சாமித்தட்டில் வைப்பான். வாங்குகிறவன் உன் வீட்டு முகவரி விசாரிப்பான். ரீபேஸ் கட்டளையோடு ‘எக்செக்’ என்று சேர்த்து, உங்கள் சோதனைக் கட்டளையை எழுதிவிடு. ஒவ்வொரு கொமிட் ஏறிய பிறகும் சோதனையை ஓட்டும். தவறிய இடத்திலேயே நிற்கும். பழைய கரையில் தேறிய வேலை புதுக் கரையிலும் தேறும் என்று எந்தக் கொமிட்டும் உனக்குச் சத்தியம் செய்து தரவில்லை.

இனிப் பழைய வாடி. பெயர் இல்லாமல் நிற்கும் என்று சொன்னேனே, அது எவ்வளவு காலம் நிற்கும்? வழக்கமான அமைப்பில், கிளையின் நுனியில் இருந்து எட்டமுடியாமல் போனவற்றை உன் கம்பியூட்டரின் ரெஃப்லொக் 30 நாள் நினைவில் வைத்திருக்கும். அதற்குள் குழம்பினால் தேடிப்பிடித்து மீட்கலாம். தேடுவதற்கும் சோம்பலாக இருந்தால், புறப்படுமுன் ‘பழைய-எடை’ என்று ஒரு கிளையை அதே இடத்தில் போட்டுவிட்டுப் போ. ஒரு வரி. நீதான் ஒரு வரிக்காரன் ஆயிற்றே. வேலை முடிந்ததும் ரேஞ்ச்-டிஃப் போட்டுப் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார். 2018 இல் இருந்து கிட்டோடு சேர்ந்தே வருகிறது. எது மாறியது, எது காணாமல் போனது என்று கொமிட் கொமிட்டாகச் சொல்லும்.

ஒரு வாடி என்றால் இத்தனை பாடு. உன்னைப் போன்றவர்கள் கிளைக்கு மேல் கிளை, அதற்கு மேல் கிளை என்று நாலைந்து அடுக்குவீர்கள். முன்பெல்லாம் மேலே இருக்கிறதைப் பெயர்த்தால் நடுவில் இருக்கிற பெயர்ப்பலகைகள் பழைய கரையிலேயே தொங்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஒன்டூ போட்டுக் கொண்டுவரவேண்டும். 2022 ஒக்டோபரில் வந்த கிட் 2.38 இல் ‘அப்டேட்-ரெஃப்ஸ்’ என்று ஒன்று சேர்த்தார்கள். உச்சியில் நின்று ஒரு தரம் ரீபேஸ் செய்தால், நடுவில் இருக்கிற கிளைப் பெயர்களும் கூடவே போகும். உன் சோம்பலைப் பார்த்து யாரோ இரக்கப்பட்டிருக்கிறார்கள்.

இவ்வளவும் உன் வாடி உன்னுடையதாக மட்டும் இருக்கும்வரை. எத்தனை தரமும் பெயர்த்துக்கொள். ஆனால் நீ கிளையைத் தள்ளிவிட்டாய். உன்னோடு வேலை செய்கிற பொடியன் அதை இழுத்து, அதன் மேல் ‘ஐஸ்’ என்று ஒரு கிளை போட்டு, ஐஸின் எடையைக் கழிக்கிற வேலையில் இருக்கிறான். உன் வாடியில் சாய்த்து அவன் ஒரு பத்தி இறக்கிவிட்டான். இப்போது நீ பெயர்த்தால், அவன் கூரை எதில் நிற்கும்? பழைய வாடியில்தான் நிற்கும். அவன் இழுத்து இணைக்கும்போது உன் பழைய இரண்டு கொமிட்டும் புது இரண்டு கொமிட்டும் சேர்ந்து நாலாக நிற்கும், ஒரே முகத்தோடு இரட்டைப் பிள்ளைகள். கடைசியில் அவனும் அதே ஒன்டூவைத்தான் எடுக்கவேண்டும்: கரை புது எடை, விடுவது பழைய எடை, பெயர்ப்பது ஐஸ். நீ செய்த கெட்டித்தனத்துக்கு அவன் சனிக்கிழமை கரைகிறது.

அதற்கும் மேல், பெயர்த்த கிளையைத் தள்ளப் போனால் மறுபக்கம் மறுக்கும். உடனே ஃபோர்ஸ் போடுவாய், தெரியும். ‘ஃபோர்ஸ்-வித்-லீஸ்’ போடு. அந்தக் கிளை நீ கடைசியாகப் பார்த்த இடத்தில்தான் இன்னும் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தள்ளும். அதற்காக நெஞ்சை நிமிர்த்தாதே. உன் எடிட்டர் பின்னால் இருந்து தானாக ஃபெட்ச் செய்துகொண்டே இருந்தால், நீ பார்க்காததையும் பார்த்ததாகக் கணக்கு எழுதிவிடும். அதற்காகத்தான் 2020 கடைசியில் ‘ஃபோர்ஸ்-இஃப்-இன்க்லூட்ஸ்’ கொண்டுவந்தார்கள்: பார்த்தது போதாது, அதை உன் வேலையில் சேர்த்தும் இருக்கவேண்டும்.

“அப்படியென்றால் பொதுக் கிளையைப் பெயர்க்கவே கூடாதா மாமா?” பெயர்க்கலாம், முன்கூட்டிச் சொன்னால். 2005 ஜூலையில் இருந்து கிட்டைப் பராமரிக்கிறவர் ஜூனியோ ஹமானோ. அவர் வைத்திருக்கிற கிளைகளில் ‘சீன்’ என்று ஒன்று. அதை அவர் திரும்பத் திரும்ப இடித்து எழுப்புவார். யாரும் கோபித்துக்கொள்வதில்லை, ஏனென்றால் இது இடிக்கிற கிளை, இதன் மேல் எதையும் கட்டாதீர்கள் என்று ஊருக்கே எழுதி வைத்திருக்கிறார். ‘மாஸ்டர்’ கிளையில் அவர் அந்த விளையாட்டு விளையாடுவதில்லை. எது பெயரும், எது பெயராது என்று எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. அவ்வளவுதான் சூட்சுமம். பெயராத இடத்தில் இணைக்கவேண்டுமென்றால் மெர்ஜ் இருக்கவே இருக்கிறது. வரலாறு நேர்கோடாக இல்லை என்று அழாதே. எங்கள் வம்சாவளியும் நேர்கோடு இல்லை, உன்னை வளர்க்கவில்லையா?

சரி, இப்போது அந்தப் பொடியனுக்கு ஒரு போன் போட்டு, ‘பெயர்க்கப் போகிறேன், உன் வேலையைத் தள்ளிவிட்டாயா’ என்று கேள். கேட்டுவிட்டு எண்டரை அழுத்து. சொல்லிவிட்டுப் பெயர்க்கிறவனுக்கு இந்தக் கரையில் சம்மாட்டி என்று பெயர். சொல்லாமல் பெயர்க்கிறவனுக்கும் ஒரு பெயர் இருக்கிறது. சிலாபம் மீன்சந்தையில் விடியற்காலை கேட்டுப்பார், மூன்று மொழியிலும் சொல்லித்தருவார்கள். உன் அம்மா பக்கத்தில் இருக்கிறாள், நான் சொல்லமாட்டேன்.